சித்தப்பாவின் கொட்டகையும் என் ஸ்கேனரும்

சித்தப்பா ஜீப்புக்கு வைத்தியம் பார்த்த காலத்தில், வெம்பாக்கத்தில் எங்கள் கொட்டகையில் அளந்து பார்க்கும் கருவி என்று இருந்தவை மிகக் குறைவு. டேப்பட் இடைவெளி பார்க்க ஒரு ஃபீலர் கேஜ், டயருக்குக் காற்று பார்க்க ஒரு மானி. நாசில் சோதிக்க வேண்டுமென்றால் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும். இன்று அதே இடத்தில் என்னிடம் ஸ்கேனர் இருக்கிறது. சாவியைப் போட்டவுடன் நீரின் சூடு, டீசல் அழுத்தம், உள்ளே போகும் காற்றின் எடை, டர்போவின் அழுத்தம் எல்லாம் எண்களாகத் திரையில் ஓடுகின்றன. ஆனாலும் சித்தப்பா மதியத்துக்குள் கண்டுபிடித்துவிடும் கோளாறுக்கு இன்று வண்டிகள் பட்டறை பட்டறையாக அலைகின்றன. அதிலும் ‘ஓவர்பூஸ்ட்’ என்று வரும் வண்டிகள் ஏற்கெனவே இரண்டு இடம் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வரும்.

எங்கள் குடும்பம் தறிக்குடும்பம். ஆரணிப் பட்டும் காஞ்சிப் பட்டும் நெய்த தெருக்களில் வளர்ந்தவர் சித்தப்பா. தாத்தா பாவின்மேல் உள்ளங்கையை வைத்தே எந்தப் பக்கம் இழுப்பு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சித்தப்பா தறியை விட்டு ஸ்பேனரைப் பிடித்தபோது அந்தக் கையையும் கூடவே கொண்டுவந்தார். இன்ஜின் மூடியில் கை வைப்பார், சைலன்சர் முனையில் கை வைப்பார், புகையை மோந்து பார்ப்பார். பிறகுதான் பேசுவார்.

அவருக்கு வாய்த்த இன்ஜினும் அப்படிப்பட்டது. மகிந்திரா நிறுவனம் 1979-இல் பிரான்சின் பெஷோவிடம் உரிமம் வாங்கிச் செய்த எக்ஸ்.டி.பி. 4.90. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2112 சி.சி. எம்.எம். 540 ஜீப்பில் அது கொடுத்த சக்தி சுமார் 62 குதிரை. டர்போ கிடையாது. வெளியில் இருக்கும் காற்று தன் சொந்த அழுத்தத்தில் உள்ளே போகும், அவ்வளவுதான். கறுப்புப் புகை வந்தால் ஒன்று டீசல் அதிகம் போகிறது, இல்லை காற்று குறைவாகப் போகிறது. இன்ஜின் தட்டினால் நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். எந்த நட்டைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் நோயாளி. அந்த பைப்பில் டீசல் நூறு சொச்சம் பார் அழுத்தத்தில் வரும், துணியைப் போட்டு மூடிக்கொள்வார்.

இந்த வித்தையை இன்றைய காமன்ரெயில் வண்டியில் யாரும் செய்துவிடக் கூடாது. மகிந்திராவின் 2.2 லிட்டர் எம்ஹாக் இன்ஜினில் டீசல் அழுத்தம் 1600 பார் வரை போகிறது. தளர்த்திய நட்டிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். பார்ப்பதற்குச் சின்ன ஊசிக்குத்து போலத் தெரியும், அறுவை சிகிச்சை இல்லாமல் விரலைக் காப்பாற்றுவது கடினம். என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

மகிந்திராவின் ஸ்கார்பியோ 2002-இல் வந்தது. அதன் 2.6 லிட்டர் டர்போ டீசலோடு எங்கள் பக்கத்துச் சாலைகளின் வேகமே மாறியது. பிறகு அதில் எம்ஹாக் வந்தபோது 120 குதிரை, 290 நியூட்டன் மீட்டர் இழுவை. 2011-இல் அதே 2.2 லிட்டர் இன்ஜின் எக்ஸ்.யூ.வி. 500-இல் 140 குதிரையோடு வந்தது. அப்போதிலிருந்துதான் இளைஞர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: “அதே இன்ஜின்தானேண்ணா, நம்ம வண்டிக்கும் ஏத்தினா இன்னா?” அந்த இருபது குதிரைக்காகக் கம்பெனி எவ்வளவு அளந்து சோதித்திருக்கும் என்பதை யாரும் கேட்கவில்லை. டியூனிங் பாக்ஸ், ரீமேப், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். குழாயை அடைக்கும் தகடு, பெரிய டயர் என்று ஒவ்வொன்றாக வண்டிகளில் ஏறின.

நான் சொல்லப்போகும் வண்டி ஒரு ஃபோர்வீல் டிரைவ் ஸ்கார்பியோ. உரிமையாளர் ஆரணிப் பக்கம் பட்டு வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறும்போது மூன்றாவது கியரில் நன்றாக இழுத்துக்கொண்டிருந்த வண்டி திடீரென்று செத்ததுபோல் ஆகிவிடும். செக் லைட் எரியும். சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும். அடுத்த நீண்ட ஏற்றத்தில் திரும்பவும் அதே கதை. இவர் போன ஒரு பட்டறையில் ஸ்கேனரில் P0234 என்று வந்ததும் டர்போவையே மாற்றிவிட்டார்கள். பெரும்பணம் போனது. கோளாறு போகவில்லை.

P0234 என்றால் ஓவர்பூஸ்ட், அதாவது டர்போ கொடுக்கும் அழுத்தம் கம்ப்யூட்டர் கேட்டதைவிட மிஞ்சுகிறது என்று பொருள். அந்த எண் சொல்வது அவ்வளவுதான். ஏன் மிஞ்சுகிறது என்று அது சொல்லாது. டர்போ கெட்டுவிட்டது என்றும் சொல்லாது. வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்வதும் நோயில்லை, தற்காப்பு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலக்கூடியது. எல்லை மீறினால் அதன் பேரிங் போகும், ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டன் போகும். அதனால் கம்ப்யூட்டர் தானே டீசலைக் குறைத்துக்கொள்கிறது.

“என்னென்ன மாட்டியிருக்க தம்பி?” என்று கேட்டேன்.

“சைலன்சர் மட்டும்தாண்ணா.”

பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பக்கம் கையை விட்டால் கறுப்பாக ஒரு பெட்டி. ஈ.ஜி.ஆர். குழாயின் இணைப்பில் மெல்லிய எஃகுத் தகடு. தம்பி பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியைக் கோளாறோடு சம்பந்தப்பட்ட ஒன்றாகவே அவர் நினைத்திருக்கவில்லை. நானோ மாற்றங்கள் செய்த வண்டியில் அதைத்தான் முதலில் தேடுவேன்.

டியூனிங் பாக்ஸ் என்று விற்கும் இந்த வகைப் பெட்டிகளில் பல செய்யும் வேலை ஒன்றுதான். காற்றழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, உள்ளதைக் குறைத்துச் சொல்லும். உள்ளே 250 கிலோபாஸ்கல் இருக்கும்போது 215 என்று சொன்னால், கம்ப்யூட்டர் இன்னும் போதவில்லை என்று நினைத்து டர்போவை மேலும் முடுக்கும். ஸ்கேனர் காட்டும் எண் கம்ப்யூட்டரிடமிருந்து வருகிறது. கம்ப்யூட்டருக்கே பொய் போய்ச் சேர்ந்திருக்கும்போது திரையில் மட்டும் உண்மை எப்படி வரும்? திரையில் கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் அழகாக ஒன்றையொன்று ஒட்டி ஓடும். இன்ஜினுக்குள் நடப்பது வேறு.

இதற்குச் சாதாரணச் சோதனை ஒன்று உண்டு. இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தால் அந்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். வெம்பாக்கத்தில் அது கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கல். மேலே ஏற ஏற ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறக்குறைய ஒன்று குறையும். சென்சார் கெட்டிருந்தால் பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும். பெட்டி மாட்டிய வண்டியில் இந்தச் சோதனை மட்டும் போதாது. நின்றிருக்கும்போது பல பெட்டிகள் உள்ளதை உள்ளபடியே விட்டுவிடும், சுமை ஏறும்போதுதான் குறைத்துச் சொல்லும்.

ஆகவே நான் சித்தப்பா காலத்து வழிக்குப் போனேன். இன்டேக் பக்கம் ஒரு டி இணைப்புப் போட்டு, ரப்பர் குழாயை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, முள் உள்ள பூஸ்ட் மானியை டாஷ்போர்டில் கட்டினேன். மின்சாரம் இல்லாத மானி, யாரும் நடுவில் உட்கார முடியாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மானி வெளிக்காற்றுக்கு மேலே உள்ளதைக் காட்டும், ஸ்கேனர் மொத்தத்தைக் காட்டும். மானியில் 1.2 பார் என்றால் ஸ்கேனரில் சுமார் 220 கிலோபாஸ்கல். இதைக் குழப்பிக்கொண்டு நல்ல வண்டியைக் கெட்டது என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். போளூர் மலைப்பாதையில் ஏறினோம். ஸ்கேனர் 215 என்றது. முள் ஒன்றரை பாரில் நின்றது.

பெட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினோம். இப்போது மானியும் ஸ்கேனரும் ஒத்துப்போயின. ஆனால் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் அழுத்தம் ஒரு நொடி மிஞ்சிவிட்டுத்தான் இறங்கியது. பெட்டிக்குப் பின்னால் இன்னொரு கோளாறு ஒளிந்திருந்தது. பெட்டியைக் கழற்றியதோடு வேலை முடிந்தது என்று நிறுத்தியிருந்தால் வண்டி சில வாரத்தில் திரும்ப வந்திருக்கும்.

இந்த டர்போவில் இதழ்கள் உண்டு. அவை குறுகினால் புகைக்காற்று வேகமாகப் பாய்ந்து அழுத்தம் கூடும், விரிந்தால் குறையும். அவற்றை அசைப்பது வேக்கம். வேக்கம் இழுத்தால் இதழ் குறுகும், விட்டால் விரியும். ஆகவே இந்த வகையில் வேக்கம் குழாய் ஓட்டையானால் அழுத்தம் குறையத்தான் செய்யும், கூடாது. பழைய வேஸ்ட்கேட் டர்போவில் கதை நேர் எதிர். அங்கே அழுத்தக் குழாய் ஓட்டையானால் வேஸ்ட்கேட் திறக்காமல் போய் அழுத்தம் மிஞ்சும். எந்த வகை டர்போ என்று பார்க்காமல் ‘குழாயை மாத்து’ என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை.

வேக்கம் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வண்டி சோம்பலாக ஓடியது, அழுத்தம் ஏறவே இல்லை. இதழ்கள் குறுகிய நிலையில் சிக்கிக்கொள்ளவில்லை என்று இதிலிருந்து தெரிந்தது. கைப்பம்பால் இழுத்துப் பார்த்தபோது கம்பி வழுவழுவென்று போய் வந்தது, வேக்கத்தையும் பிடித்து நிறுத்தியது. புதிதாக மாட்டிய டர்போ ஆயிற்றே, அதில் குறை இல்லை. பழைய டர்போவிலும் குறை இருந்திருக்குமா என்பது எனக்கு இன்றும் சந்தேகம். மிச்சம் இருந்தது வேக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் மாடுலேட்டர் வால்வு. வேக்கத்தை விட்டுவிட அது வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும், அதற்கு ஒரு சிறு வடிகட்டி உண்டு. அந்த வடிகட்டியில் மண் இறுகிப் போயிருந்தது. தூசி மாமண்டூர் ஏரியில் தண்ணீர் வற்றும்போது சேற்றில் வண்டியை இறக்கி ஓட்டுவது தம்பிக்குப் பழக்கம். காற்று உள்ளே போக வழியில்லாததால் வேக்கம் மெதுவாகத்தான் விட்டது. இதழ்கள் விரிய வேண்டிய நேரத்தில் குறுகியே இருந்தன, அழுத்தம் மிஞ்சியது.

இதோடு ஈ.ஜி.ஆர். தகடும் சைலன்சரும் சேர்ந்துகொண்டன. ஈ.ஜி.ஆர். வழியாகப் பிரிந்து போக வேண்டிய புகையும் தகட்டால் டர்போவுக்கே போகிறது. அகலமான சைலன்சரால் டர்போவுக்குப் பின்னால் எதிரழுத்தம் குறைந்து அது இன்னும் வேகமாகச் சுழல்கிறது. இரண்டையும் கணக்கில் வைத்துக் கம்பெனி அந்த இன்ஜினுக்குக் கட்டளை எழுதவில்லை. தகட்டை எடுத்தேன், பழைய சைலன்சரை மாட்டினேன், வால்வை மாற்றினேன். டர்போவின் விலையோடு பார்த்தால் வால்வின் விலை அற்பம். அதே மலை, அதே மூன்றாவது கியர். முள் ஏறியது, நின்றது, இறங்கியது.

சித்தப்பாவுக்கு இன்றைய வண்டி ஒன்றுமே புரிந்திருக்காது என்று என் பையன்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்கேனர் இல்லாமல் இந்த வேலையை நானும் செய்திருக்க முடியாது, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் சித்தப்பா வண்டியை முதலில் கம்பெனி கொடுத்த நிலைக்குக் கொண்டுவருவார். யாரோ கட்டிய கம்பி, யாரோ வைத்த வாஷர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் நோயைப் பார்ப்பார். அன்று அது வழக்கம். இன்று அதைச் செய்யச் சொன்னால் வண்டிக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அப்படி மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் வடிகட்டியும் கூடுதல் சென்சார்களும் ஏறியிருக்கின்றன. ஒரு சென்சாரை ஏமாற்றினால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும், அதையும் ஏமாற்ற இன்னொரு பெட்டி என்று போய்க்கொண்டே இருக்கும்.

மலை ஏறும்போது உங்கள் வண்டி இழுவையை விட்டால் டர்போவை மாற்றச் சம்மதிக்கும் முன் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். டியூனிங் பெட்டி இருந்தால் அதைக் கழற்றச் சொல்லுங்கள். முள் மானியை மாட்டி ஸ்கேனரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வேக்கம் வால்வையும் அதன் வடிகட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறையில் வண்டியை விடும்போது மாட்டியிருப்பதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அரை நாளில் முடியும் வேலை அது.