வாட்டியல்: சிக்கன ஹோம் தியேட்டர் ரிசீவர் குறித்த ஓர் ஆய்வு

மாதச் சம்பளக்காரர் ஒருவர் தன் பத்துக்குப் பதினாலு ஹாலில் பாலம் வெடித்துச் சிதறும் சத்தத்தைக் கேட்க ஆசைப்படுவது ஏன் என்பது உளவியலார் ஆராய வேண்டியது. கையைக் கடிக்காமல் அதைக் கேட்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் எல்லை. ஆய்வுப் பொருள் ஏ.வி. ரிசீவர்: டி.வி.யும் செட்டாப் பாக்ஸும் தரும் ஒலியைப் பிரித்து, பெருக்கி, ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டு, சப்-வூஃபருக்கும் ஒரு கவளம் அனுப்பும் கறுப்புப் பெட்டி.

இத்துறையில் இரு மரபுகள் உண்டு. 1992-ல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு வந்த டால்பி டிஜிட்டல் மரபு ஒன்று. மறு ஆண்டே ‘ஜுராசிக் பார்க்’ டைனோசர்களோடு வந்த டி.டி.எஸ். மரபு மற்றொன்று. தமிழ்நாட்டில் 1996-ல் டி.டி.எஸ். ஒலியோடு ‘கருப்பு ரோஜா’ வந்தபின் இரண்டாவதன் கை ஓங்கியது, தியேட்டர்காரர்கள் ஏ.சி.க்குப் பக்கத்தில் டி.டி.எஸ். என்றும் எழுதிவைத்தார்கள். இன்று ஆரம்ப விலை ரிசீவரே இரண்டையும் படித்துவிடுகிறது. எனவே இந்தச் சைவ வைணவச் சண்டையை இத்துடன் விடலாம்.

இனி வாட்டியல். அட்டைப் பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு இயற்பியலைச் சேர்ந்ததா, அணி இலக்கணத்தைச் சேர்ந்ததா? தண்டியலங்காரம் அதிசய அணி என்றும், பிறர் உயர்வு நவிற்சி என்றும் சொல்வது இதைத்தான் என்பது எம் துணிபு. இவ்வணியின் பொற்காலம், கணநேர உச்சத்தையே வாட் கணக்காகப் போட்ட பி.எம்.பி.ஓ. காலம். உள்ளங்கை அகல கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் மேல் நூற்றுக்கணக்கில் வாட் போட்டிருக்கும். கூட வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் இருபதைத் தாண்டாது. ஆற்றல் அழியா விதியை அன்றாடம் மீறிய அக்கருவிகளை அறிவியல் உலகம் கண்டுகொள்ளவே இல்லை.

பெரிய கம்பெனிகள் அப்படிப் பொய் சொல்லா. உண்மையையே மூன்று விதமாகச் சொல்லும். யமஹா ஆர்.எக்ஸ்.-வி385 விவரத்தாளை மூலநூலாகக் கொள்வோம். ஒரே பெட்டிக்கு 135, 100, 70 என்று மூன்று பாடபேதங்கள். முதலாவது, ஒரே ஒரு சேனலுக்கு ஒரே ஒரு சுருதியைக் கொடுத்து, ஒலியில் 10 சதவீதம் சிதைந்தாலும் பரவாயில்லை என்று அளந்தது. இரண்டாவதும் ஒரே சேனல்தான். சிதைவு மட்டும் ஒரு சதவீதத்துக்குள். மூன்றாவது, இரண்டு சேனலை ஓட்டி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழு வீச்சில் அளந்தது; சிதைவு 0.09 சதவீதம். மூன்றாவதே சுத்த பாடம், மற்றவை இடைச்செருகல் என்று கொள்க. ஐந்து சேனலும் ஒருசேர முழங்கினால் எத்தனை வாட் என்ற ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது போலும். இந்த விலையில் வரும் டிரான்ஸ்பார்மர் அத்தனை பேருக்கும் ஒரே பந்தியில் வயிறு நிறையப் பரிமாறாது என்பது உரையாசிரியர் அறிந்ததே.

சரி, 70-க்கும் 135-க்கும் காதில் எவ்வளவு வித்தியாசம்? மூன்று டெசிபல்கூட இல்லை. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் வாட் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்பீக்கரே ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், 87 டெசிபல் தரும். மிக்ஸியில் சட்னி அரைக்கும் சத்தம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கீழ் வீட்டுக்காரர் படியேறி வர நாலைந்து வாட் போதும். மீதி, உறவினரிடம் சொல்லிக்கொள்ள.

சென்னை ரிச்சி தெரு மரபை இங்கே விட்டுவிடுவது முறையன்று. போர்டு, டிரான்ஸ்பார்மர், கேபினெட் எல்லாம் தனித்தனியே வாங்கி அசெம்பிள் செய்யும் அந்தப் பள்ளியை விலையில் யாரும் தொட முடியாது. ஆனால் டி.வி.யின் ஒலியை எச்.டி.எம்.ஐ. வயரிலேயே வாங்கி, டி.வி. ரிமோட்டிலேயே வால்யூம் கூட்டவிடும் ஏ.ஆர்.சி. சௌகரியம் அங்கே எல்லாப் பெட்டியிலும் இராது. ரிமோட் எண்ணிக்கை கூடக்கூட வீட்டுப் பெரியவர்களின் கோபமும் கூடும் என்பதால் ஏ.ஆர்.சி. அவசியம். அதற்கு மேற்பட்ட இ.ஏ.ஆர்.சி.க்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம், ஓ.டி.டி.யின் டால்பி டிஜிட்டல் பிளஸ் சாதாரண ஏ.ஆர்.சி.யிலேயே வந்துவிடும். தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸுக்கு முறைப்படி கூரையில் ஸ்பீக்கர் வேண்டும். அங்கே ஏற்கெனவே ஃபேன் இருக்கிறது.

“சண்டை மட்டும் காது கிழியுது, பேசுறது ஒண்ணும் புரியல” என்பது இல்லறவியலின் தலையாய புகார். ஹாலுக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ள ரிசீவரோடு ஒரு குட்டி மைக் தருவார்கள். அதைச் சோபாவில் காது உயரத்தில் நிறுத்தி, ஃபேனை அணைத்துவிட்டு, எல்லாரும் மூச்சடக்கி இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கராக உஸ்ஸென்று இரைந்து தன்னைத்தானே அளக்கும்போது குக்கர் விசில் அடித்தால் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அளந்து முடித்தும் வசனம் அமுங்கினால் சென்டர் சேனலை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுங்கள்.

ஆகவே சுத்த பாடத்தில் 70 வாட் உள்ள, ஏ.ஆர்.சி.யும் மைக்கும் கொண்ட 5.1 ரிசீவரே வாங்கத்தக்கது. மிச்சப்படும் பணத்தைச் சென்டர் ஸ்பீக்கரில் போடவும். வீட்டிலுள்ளோருக்கு ஒரு விண்ணப்பம்: பெட்டியின் மேல் இருக்கும் துளைகள் சூடு வெளியேறுவதற்கு. அதன்மேல் குரோஷா விரிப்பும் பூச்சாடியும் வைக்க வேண்டாம்.