அட்டை அண்ணாச்சி

மார்கழி பிறந்ததும் மற்ற வீடுகளில் வாசல் கோலம் பெரிதாகும்; இவர் வீட்டில் கூடத்துச் சுவர் காலியாகும். மாமனார் படம், கல்யாண போட்டோ, பேரனின் ஓட்டப்பந்தயச் சான்றிதழ் எல்லாம் இறங்கிப் பீரோ மேல் படுத்துக்கொள்ளும். பொங்கல் வாழ்த்து அட்டைகளுக்கு இடம் வேண்டுமே!

இந்த அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலைக்காரர். கிரிவலத் திருவண்ணாமலை அல்ல. புரட்டாசிச் சனிக்கிழமை கூட்டம் அள்ளும் சீனிவாசப் பெருமாள் மலை. ராஜபாளையத்து மில் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கணக்கு மட்டும் இவரிடமிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை.

தோரணத்துக்கு அடித்தளம் பழைய தினசரி காலண்டர் அட்டைகள். ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடும் சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால், வீட்டில் அட்டைக்குப் பஞ்சமில்லை. தாளெல்லாம் கிழித்து முடித்தாலும் அட்டையில் முருகனோ லட்சுமியோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. இவர் அவற்றைக் குப்புறப் போட்டு ஒட்டி, மேலே சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியை இழுத்துக் கட்டுவார். பார்த்தால் சுவருக்கே அடிபட்டதுபோல இருக்கும். "சாமியெல்லாம் சுவரைப் பாத்து நிக்குதே" என்று மதினி வருஷா வருஷம் சொல்வார். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்க்க வேண்டும். துத்தம் விஷம். ஆனாலும் அதைக் காய்ச்ச அண்ணாச்சி கைக்கு அகப்படுவது எப்போதும் பால் சட்டிதான். இந்த ஒரு காரணத்துக்காகவே மதினி தைக்கு ஒரு புதுச் சட்டி வாங்குகிறார்.

அதன்மேல் மூன்று வரிசைச் சணல், மரத் துணிக் கிளிப். பெட்டிக்கடையில் எம்.ஜி.ஆர், சிவாஜி, கரும்பு, காளை என்று அட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு விற்ற காலத்தில் பிடித்த பழக்கம்.

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை, பால் சட்டியைத் தவிர. வினை, வரிசையில் இருக்கிறது. ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் வந்தது மேல் சணல். நேரில் கொடுத்தது நடுச் சணல். ஜவுளிக்கடையும் எல்ஐசி ஏஜென்டும் அச்சடித்து அனுப்பியது கீழ்ச் சணல். வாட்ஸ்அப்புக்குச் சணலே கிடையாது. மகன் ஒருமுறை போனில் வந்ததைக் கலர் பிரிண்ட் எடுத்து நீட்டினான். "முத்திரை எங்கடா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வருகிறவர் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். தன் அட்டை எந்தச் சணலில் என்று அவர் தேடுவதை அண்ணாச்சி ஓரக்கண்ணால் ரசிப்பார். இல்லாதவருக்கு நோட்டு திறக்கும்: அனுப்பியது ஒரு பக்கம், வந்தது மறுபக்கம். மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த ஊர் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. "அனுப்பினேனே அண்ணாச்சி, அந்தத் திருவண்ணாமலைக்குப் போயிருக்கும்!" ஒரே பெயருள்ள ஊர்களால் வந்த இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு கொண்டுவந்தார்கள் என்பது அவருக்கா தெரியாது? "அது 606, நம்மது 626. என்ன நம்பர் போட்டீங்க?" என்பார். அதற்குமேல் பேச்சு வராது, காப்பியும் தாமதமாகும்.

வரத்துக் குறையக் குறைய அண்ணாச்சி வழி கண்டுபிடித்தார். சிவகாசிக்குப் பஸ் ஏறிக் கட்டாக அட்டை வாங்கி வந்து, கவரில் தன் விலாசத்தைத் தானே எழுதி, ஸ்டாம்பும் ஒட்டித் தெருவில் விநியோகிக்கிறார். நாம் கையெழுத்துப் போட்டுத் தபால் பெட்டியில் சேர்க்க வேண்டியதுதான். மூன்றாவது வீடுதானே, கையிலேயே தருகிறோமே என்றால் ஒப்பமாட்டார். நடுச் சணலுக்குப் போய்விடுமாம்.

லண்டனில் 1843-இல் ஹென்றி கோல் என்பவர் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டதே, எல்லோருக்கும் கடிதம் எழுத நேரமில்லாமல்தான். நேரத்தை மிச்சம் பிடிக்க வந்த சரக்கு அண்ணாச்சியின் மார்கழியை முழுசாக விழுங்கிவிடுகிறது. அவர் மார்கழியை விழுங்கட்டும், நம்முடையதை ஏன்? அடுத்த வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் போய்ப் பார்க்கவில்லை. வீடு திரும்பிய மறுநாள் வந்து, "இந்த வருஷம் உங்க அட்டை வரலையே" என்றார். இதையெல்லாம் வயதாகிவிட்டது என்று தள்ளிவிட முடியாது.

ஆனாலும் மேல் சணலில் முதல் கிளிப் ஒன்று இருக்கிறது. மில்லில் பக்கத்து மேஜைக்காரர் எப்போதோ அனுப்பிய அட்டை. பானையின் ஜிகினா உதிர்ந்து, மசி பழுப்பேறிவிட்டது. அனுப்பியவர் காலமாகிப் பல வருஷமாயிற்று. வருஷந்தோறும் முதலில் ஏறுவது அதுதான். நோட்டில் அதற்கு வரவும் கிடையாது, பாக்கியும் கிடையாது. கேட்டால், "அது கணக்குல வராது" என்று அடுத்த அட்டைக்குப் போய்விடுவார்.

இந்தப் பக்கம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஜனவரி பத்துக்குள் ஓர் அட்டை போட்டுவிடுங்கள். 626-ஐ மறக்க வேண்டாம், ஸ்டாம்பையும் சரியாக ஒட்டுங்கள். குறைந்தால் குறைந்த தொகையை இரட்டிப்பாகத் தபால்காரர் அவரிடம்தான் வாங்குவார். அதையும் உங்கள் பெயரில்தான் எழுதிவைப்பார்.