மாமாவைக் கேளுங்கோ: உளி பிடிக்கப் போகிறவர்களுக்கு

தபால் பையைக் கவிழ்த்தால் இந்த முறை மரத்தூள்தான் கொட்டுகிறது. தீவுப்பகுதியில் ஆளுக்கொரு உளியோடு கிளம்பிவிட்டீர்கள் போல. சரி, வரிசையில் நில்லுங்கோ.

கேள்வி: மரச்சிற்பம் பழக ஓர் ஆசாரியாரிடம் சேர்ந்தேன். ஒரு கிழமையாக உளி தீட்டத்தான் விடுகிறார். கட்டிய காசு வீணா? (ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், வேலணை)

பதில்: ஐயா, வேலைக்குச் சேர்ந்த முதற் கிழமையே உங்களிடம் பெட்டகச் சாவியைத் தந்தார்களா? மழுங்கின உளி மரத்தை வெட்டாது, நசுக்கும். மெத்தென்ற பலகையில் நாருக்குக் குறுக்கே ஒரு சீவு சீவிப் பாருங்கோ. வெட்டிய இடம் மினுங்கினால் கூர். பிய்ந்து நின்றால் திரும்பவும் சாணைக்கல். அதுவரை உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில்.

கேள்வி: மகன் விரலை வெட்டிக்கொள்வானோ என்று பயம். (ஒரு தாய், கரம்பன்)

பதில்: கூரான உளிக்குப் பயப்படாதே தங்கச்சி, மழுங்கினதுக்குப் பயப்படு. அதைப் பலம் போட்டுத் தள்ளவேண்டும், தள்ளினால் வழுக்கும். மரத்தை இறுக்கிவிட்டு, இரண்டு கையும் உளிவாய்க்குப் பின்னால். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பத்து விரலும் சோதனை எழுதப் போகும். பாஸாவது அவன் பாடு.

கேள்வி: இணையத்தில் 24 உளிகள் கொண்ட பெட்டி பார்த்தேன். வாங்கவா? (ஊர்காவற்துறைத் தம்பி)

பதில்: வாங்கு. மச்சானின் கலியாணத்துக்குப் பரிசாகக் கொடு. உனக்குத் தட்டை உளி ஒன்று, நகவுளி ஒன்று, கொட்டாப்புளி, சாணைக்கல் போதும். மிச்சம் தேவைப்படும்போது, பழைய லொறி வில்லுத் தகட்டில் கொல்லர் அடித்துத் தருவார்.

கேள்வி: எங்கள் ஊரில் பனைக்கா பஞ்சம்? பனையிலேயே பழகலாமே! (புங்குடுதீவு வாசகர்)

பதில்: வளை போடலாம், சலாகை போடலாம். முகம் செதுக்க வேண்டாம். பனைக்கு வைரம் வெளியே, உள்ளே வெறும் சோறு. உளி பட்டால் நார் நாராகப் பிரியும். உள்ளே வைரம் பாய்ந்தது மரம், வெளியே பாய்ந்தது புல் என்று தொல்காப்பியம் அன்றைக்கே பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் புல்லில் யாளி செதுக்கினால் நெடுந்தீவுக் குதிரை வந்து மேய்ந்துவிட்டுப் போகும்.

கேள்வி: நெடுந்தீவுப் பெருக்குமரம் எவ்வளவு பெருத்து நிற்கிறது! ஒரு கொப்புக் கிடைத்தால்? (அதே வாசகர்)

பதில்: கைவைத்தால் ஊரே திரளும். அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆபிரிக்க மரம் உள்ளே தண்ணீரைச் சேர்த்து வைப்பது, செதுக்கு நிற்காது. உடம்பு பெருத்தவரெல்லாம் உறுதியானவர் இல்லை. சந்தேகமென்றால் மாமாவை நேரில் வந்து பாருங்கோ.

கேள்வி: அப்படியானால் எந்த மரம்தான்? (பொறுமை இழந்தவர், அனலைதீவு)

பதில்: முதலில் முள்முருக்கு. கலியாண வீட்டில் கன்னிக்காலாக நடுகிறோமே, அதேதான். லேசு, மெத்து, மலிவு, பிழைத்தால் அடுப்பு. தெற்கே அம்பலாங்கொடை முகமூடிக்காரரும் கதுரு என்ற மெல்லிய மரத்தைத்தான் எடுக்கிறார்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய தமிழ்நாட்டு அரும்பாவூர்ச் சிற்பிகளுக்கு வாகை, மா, வேம்பு. கை பழகியபின் நீங்களும் வேம்புக்கும் இலுப்பைக்கும் ஏறலாம். முதிரை வேண்டுமென்றால் முதலில் தோள்மூட்டிடம் அனுமதி கேளுங்கோ.

கேள்வி: காற்றுக்கு விழுந்த வேம்பு காணியில் கிடக்கிறது. நாளைக்கே கொண்டுபோகவா? (சரவணை)

பதில்: நாளைக்குக் கொண்டுபோனால் மறுமாதம் வெடித்த முகத்தோடு திரும்பி வரும். மரம் குறுக்குவெட்டு முனை வழியாகத்தான் கெதியாகக் காயும். உடம்பு ஈரமாய் நிற்க முனை சுருங்க, விழும் வெடிப்பு. இரண்டு முனைக்கும் மெழுகோ பெயின்ற்றோ பூசி, நிழலில் கட்டை வைத்து உயர்த்தி அடுக்குங்கோ. அங்குலப் பருமனுக்கு ஒரு வருடம் என்பது தச்சரின் பழைய கணக்கு. எங்கள் வெயிலில் கொஞ்சம் குறையும். உங்கள் அவசரத்துக்குக் குறையாது.

கேள்வி: பிள்ளையார் செய்யப்போய்க் குரங்கு வந்தால்? (நயினாதீவு)

பதில்: குரங்கு குரங்காகவே வந்துவிட்டால் நீர் தேர்ச்சி. அனுமார் வாகனத்துக்கு ஆள் தேடுகிற கோயில் எங்காவது இருக்கும். முதல் தவணையில் வருவது இரண்டுமல்ல, விறகு.

கேள்வி: நெடுந்தீவில் குதிரைகள் கண்முன்னே திரிகின்றன. அவற்றைப் பார்த்தே குதிரை வாகனம் செதுக்கினால் என்ன? (நெடுந்தீவு இளைஞர்)

பதில்: போர்த்துக்கீசர் காலத்தில் வந்ததாகச் சொல்லும் மட்டக்குதிரைகள் அவை. வாகனத்துக் குதிரையோ நூலில் பிறந்தது. சிற்பநூல் உருவத்தின் உயரத்தையே பங்கு போட்டு அளவு எடுக்கும். உத்தம தசதாளம் என்றால் தெய்வ உருவம் 124 பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் அங்குலம் என்று பெயர். கடையில் வாங்கிய அடிமட்டத்துக்கு அந்த அங்குலம் அகப்படாது. ஆசாரியார் ஓலையையோ கயிற்றையோ மடித்து மடித்து அளப்பது அதனால்தான். நீர் மட்டக்குதிரையைப் பார்த்துச் செய்தால் வீதியுலாவில் சுவாமியின் கால் நிலத்தில் இழுபடும்.

கேள்வி: நான் பெண்பிள்ளை, ஆசாரியார் பரம்பரையும் இல்லை. சேர்ப்பார்களா? (உயர்தர மாணவி, மண்டைதீவு)

பதில்: 1957இல் மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி தொடங்கியதோடு பரம்பரைத் தொழில் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது, பிள்ளை. போய்க் கேள். மறுப்பவர் இருந்தால் வேறு பட்டறை பார். உளிக்கு உன் தகப்பன் பெயர் தெரியாது.

கேள்வி: கணினி இயந்திரம் சில மணி நேரத்தில் செதுக்கித் தருகிறதே. இனி எதற்குப் பழகவேண்டும்? (தளபாடக் கடைக்காரர், யாழ்ப்பாணம்)

பதில்: கடைகளில் இருக்கும் சாதாரண இயந்திரத்தின் முனை மேலிருந்து இறங்கத்தான் தெரிந்தது. யாளியின் பல்லுக்குப் பின்னால் குடைய அதற்குக் கை வளையாது. கதவில் ஒட்டுகிற பூவுக்கு அது போதும். நீங்கள் விற்பதும் அதுதானே?

கேள்வி: ரொறன்ரோவில் இருந்து பேரன் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான். இரண்டு கிழமையில் என்ன பழகலாம்? (தாத்தா, காரைநகர்)

பதில்: பலகையில் ஒரு தாமரை. அதுவும் மொட்டாக இருந்தால் உத்தமம். திரும்பிப் போனதும் விடவேண்டாம் என்று சொல்லுங்கோ. மரம் செதுக்குகிறவர்கள் தேடி வாங்கும் பாஸ்வுட் ஒன்ராறியோவிலேயே வளர்கிறது. அதன் ஐரோப்பியச் சகோதரமான லைம் மரத்தில்தான் லண்டன் சென்ற் போல்ஸ் தேவாலயத்துக்குக் கிரின்லிங் கிப்பன்ஸ் பூவும் இலையும் செதுக்கினார். பேரனுக்கு மரம் பக்கத்தில். குளிர்காலம் வேறு நீளம். சாட்டுச் சொல்ல வழியில்லை.

கேள்வி: பயமாக இருக்கிறது மாமா. பிழை விட்டால்? (பெயர் வேண்டாம், எழுவைதீவு)

பதில்: வல்வெட்டித்துறைத் தச்சர் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தத் தச்சர் ஒரு பலகை பிழைவிட்டிருந்தால் ஆள்கள் கடலில். உம்முடைய தாமரைக்கு ஒரு இதழ் குறைந்தால் ஒருவரும் மூழ்கமாட்டார். போம்.

கேள்வி: என்னவர் வகுப்புக்குப் போய் முதல் வேலையாக ஒரு மர அகப்பை செதுக்கி வந்திருக்கிறார். பாராட்டவா, பாவிக்கவா? (இல்லத்தரசி, அல்லைப்பிட்டி)

பதில்: பாவித்துப் பாரும் தங்கச்சி. குழம்பு ஒழுகாவிட்டால் அகப்பை. ஒழுகினால் சிற்பம், சுவரில் மாட்டும்.