'ப்ளஸ் ஆர் மைனஸ்' என்னும் தொடரில் மைனஸின் இருப்பு குறித்து

“பத்து நாள்ல முடிச்சிரலாம் சார், ப்ளஸ் ஆர் மைனஸ் ரெண்டு நாள்” என்று கொத்தனார் சொன்னவுடன் வீட்டுக்காரருக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. தோராயமாகச் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். இது கணக்கு, பள்ளிக்கூடத்தில் படித்தது. 12ஆம் நாள் முடியலாம், 8ஆம் நாளும் முடியலாம். ஆனால் 8ஆம் நாளே வேலையை முடித்து, சாந்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன கொத்தனார் ஒருவரைப் பற்றி நம் கல்வெட்டுகளில் கூடக் குறிப்பில்லை. இந்தத் தொடரில் ஓடியாடி உழைப்பது ப்ளஸ் ஒன்றே, மைனஸ் ஒப்புக்குச் சப்பாணி என்பதுதான் இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வென்றால் மூலம் தேட வேண்டும். கூட்டல், கழித்தல் குறிகள் முதன்முதலில் அச்சேறியது 1489இல், ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் யோஹானஸ் விட்மன் வெளியிட்ட வணிகக் கணக்கு நூலில். சரக்கு எடையில் கூடுதலா, குறைச்சலா என்று காட்டவே அவை பயன்பட்டன. ஆக, இவை பிறந்ததே கடைத்தெருவில்; கணித அறிஞர்கள் பிற்பாடு தத்தெடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ± என்று தம் நூலில் 1631இல் பயன்படுத்தியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஆட்ரெட். அவர் ஒரு பாதிரியார். இரண்டு பக்கமும் பேசும் குறியைக் கையாள ஒரு பாதிரியார் துணிந்தது எப்படி என்பதை இறையியல் துறையினர் ஆராயட்டும்.

ஆய்வுக்கூடத்தில் ± மிகுந்த ஒழுக்கத்துடன் நடந்துகொள்கிறது. ஈர்ப்பு மாறிலியின் மதிப்பு 6.67430 என்றும், பிழை வரம்பு ± 0.00015 என்றும் (பின்னால் வரும் பத்தின் அடுக்கை விட்டுவிடுவோம்) இயற்பியலாளர்கள் எழுதினால், உண்மை மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று பொருள். அதே குறி ஆய்வுக்கூடத்தின் வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் கெட்டுப்போகிறது.

இது நம்மூர் நோய் மட்டுமல்ல. சிட்னி ஆபரா ஹவுஸை 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில், 1963க்குள் முடித்துவிடுவதாகக் கணக்குப் போட்டார்கள். திறப்பு விழா நடந்தது 1973இல்; ஆன செலவு 10 கோடியே 20 லட்சம். டேனியல் கானெமன், ஆமொஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் இந்தப் பழக்கத்துக்குத் திட்டமிடல் பிழை என்று பெயரே சூட்டிவிட்டார்கள். பெயர் சூட்டிய பிறகும் கொத்தனார்கள் திருந்தவில்லை.

மைனஸ் எங்குமே நிகழ்வதில்லை என்று சொன்னால் அது ஆய்வு நேர்மையாகாது. 2017 நவம்பரில், டோக்கியோ பக்கத்தில் ட்சுகுபா எக்ஸ்பிரஸ் தடத்தில் ஓடும் ரயில் ஒன்று மினாமி நாகரேயாமா நிலையத்தைவிட்டு 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டது. மைனஸ் 20 விநாடி! நிறுவனம் அதற்காகப் பகிரங்க மன்னிப்புக் கேட்டது. மைனஸ் எவ்வளவு அபூர்வம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் ரயில்களிலும் மைனஸ் தலைகாட்டுவதுண்டு. கால அட்டவணையில் கடைசி நிலையத்துக்கு முந்தைய பகுதிக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கும் வழக்கத்தால், சென்னை சென்ட்ரலுக்குப் போகும் வண்டி பெரம்பூரை முன்கூட்டியே தாண்டிவிடுகிறது. பெட்டி படுக்கையோடு வாசலில் கூட்டம் நிற்க, பிளாட்பாரம் காலியில்லையென்று வண்டியும் பேசின் பிரிட்ஜில் நின்றுவிடுகிறது. சம்பாதித்த மைனஸ் மொத்தமும் அங்கேயே கரைகிறது.

சட்டம் அங்கீகரித்த மைனஸ் ஒன்றும் உண்டு. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, ஒரு கிலோ என்று அச்சிட்ட தனிப் பொட்டலம் ஒன்றில் 15 கிராம் வரை குறையலாம். ஆனால் மொத்தமாக எடுத்துச் சராசரி பார்த்தால் குறையக்கூடாது. சட்டம் இயற்றியவர்களுக்கும் உலகம் தெரிந்திருக்கிறது. இதிலிருந்து தேறும் விதி: நாம் காத்திருக்க வேண்டியதும் கொடுக்க வேண்டியதும் ப்ளஸ், நமக்கு வர வேண்டியது மைனஸ்.

இவ்விதியைச் சோதிக்கத் தக்க களம் கல்யாணப் பந்தி. “500 இலைன்னு வச்சுக்குவோம், ப்ளஸ் ஆர் மைனஸ் 50” என்று சமையல் காண்டிராக்டர் முன்பணம் வாங்கும்போது சொல்கிறார். 550 இலை விழுந்தால் கூடுதல் 50 இலைக்குக் காசு. 450தான் விழுந்தது என்றால், “சமைச்சாச்சே சார்” என்று 500க்கும் காசு. இலைக் கணக்கை மேற்பார்வையிடப் பெண்வீட்டார் தாய்மாமனை நிறுத்துகிறார்கள். அவர் நோட்டும் கையுமாகப் பந்திக்குப் பந்தி வரிசை எண்ணுகிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் மட்டும் தின்ற குழந்தையின் இலை கணக்கில் சேருமா? சாம்பார் ஊற்றும்போது கிழிந்துபோனதால் மாற்றிப் போட்டது ஓர் இலையா, இரண்டா? வேன் டிரைவர் சமையற்கட்டிலேயே சாப்பிட்டது யார் தலையில்? காண்டிராக்டரின் ஆள் மீதிக் கட்டுகளை எண்ணி 512 என்கிறார். மாமாவின் நோட்டு 503 என்கிறது. குரல் உயர்கிறது. முகூர்த்த நேரத்தில் வம்பு வேண்டாம் என்று பெரியவர் ஒருவர் நடுவில் புகுந்து, “விடுங்கப்பா, ப்ளஸ் ஆர் மைனஸ் அஞ்சாறு இலை” என்கிறார். இருவரும் தலையாட்டுகிறார்கள். பில் 518க்கு வருகிறது.