மின்சாரச் சிக்கனக் குழுவின் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய மின்சாரச் சிக்கனக் கண்காணிப்புக் குழுத் தலைவர் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் ஆளுகைக்கு உட்பட்ட சென்னைக் காரியாலயம் ஒன்றில், இரண்டாம் மாடியில், ஒரு பிரிவின் கண்காணிப்பாளனாக உத்தியோகம் பார்த்துவரும் அடியேன் பணிந்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இவ்விடம் யாவரும் க்ஷேமம்; அவ்விடத்தில் தங்கள் க்ஷேமமும், குழுவின் க்ஷேமமும், குழு ஈன்றெடுத்த உபகுழுக்களின் க்ஷேமமும் அறிய ஆவல்.

நிற்க. மின்கட்டணம் வருஷா வருஷம் ஏறிவருவதைக் கண்டு மனம் பதைத்துத் தாங்கள் அனுப்பிவைத்த சுற்றறிக்கை கிடைத்து, அதைப் படித்து, படித்ததற்கு அடையாளமாக எல்லோரும் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டோம். 'அறையை விட்டு வெளியேறும்போது விளக்கையும் விசிறியையும் அணைக்கவும்' என்று தாங்கள் அச்சிட்டு அனுப்பிய வாசகமும் ஒவ்வொரு ஸ்விட்ச் பலகையின் மேலும் ஒட்டப்பட்டாயிற்று. அந்தத் தாள் பலகையைக் காட்டிலும் சற்றே அகலமாக இருந்தபடியால் எங்கள் பிரிவில் இரண்டு ஸ்விட்சுகள் அதன் அடியில் மறைந்துபோயின என்பதையும், தலைமையகத்திலிருந்து வந்த உத்தரவைக் கிழிக்கும் துணிவு யாருக்கும் இல்லாமையால் அந்த ஸ்விட்சுகளுக்கு உரிய விளக்குகள் அன்று முதல் இரவு பகல் பாராமல் எரிந்து தங்கள் ஆணையின் மகிமையைப் பிரகாசப்படுத்தி வருகின்றன என்பதையும் சந்தோஷத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

விளக்கைப் பற்றிப் பிரஸ்தாபம் வந்துவிட்டபடியால், எங்கள் கூடத்து விளக்குகளின் அமைப்பையும் சமூகத்தின் பார்வைக்குக் கொண்டுவர அனுமதி வேண்டுகிறேன். கூடத்துக்குக் கிழக்கே வரிசையாக ஜன்னல்கள், மேற்கே நடைக்கூடம். மேலே மூன்று வரிசைகளில் பதினெட்டுக் குழல்விளக்குகள். வரிசைக்கு ஒரு ஸ்விட்ச். அந்த வரிசைகள் ஜன்னல்களுக்கு இணையாக ஓடியிருந்தால், காலை வெயில் மேஜைமேல் விழுகிற வேளையில் ஜன்னலோரத்து வரிசையை அணைத்துவிட்டு, வெளிச்சம் எட்டாத உட்புறத்து வரிசையை மாத்திரம் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்தக் காலத்திலோ கம்பி இழுத்த புண்ணியவான், ஜன்னலில் தொடங்கி நடைக்கூடத்தில் முடியும்படியாகக் குறுக்கே இழுத்துவிட்டுப் போய்விட்டார். ஆகவே, மேற்குச் சுவரோரம் அமர்ந்து தபால் பதிவேடு எழுதும் அம்மாளுக்கு ஒரு விளக்கு வேண்டுமானால், அதே வரிசையைச் சேர்ந்த ஏனைய ஐந்தும் கூடவே எரிந்து, ஜன்னலோரத்தில் சூரிய பகவானுக்கே தீபாராதனை காட்டவேண்டியிருக்கிறது. அவை யாவும் 40 வாட் பழங்குழல்கள். குழல் தின்பது போதாதென்று ஒவ்வொன்றின் செப்புச் சோக்கும் தன் பங்குக்குப் பத்து வாட்டுக்கு மேல் உண்டு, உண்டதை வெப்பமாக உமிழ்ந்து, அந்த வெப்பத்தை ஆற்றும் பொறுப்பை விசிறிக்கு விட்டுவிடுகிறது. 20 வாட் எல்.இ.டி. குழல் இந்த வேலையைச் செய்துவிடும் என்பது இன்று பெட்டிக்கடைக்காரரும் அறிந்த விஷயம். ஆயினும் பராமரிப்புப் பிரிவின் வாதம் வேறு: எரிகிற விளக்கைக் 'கண்டம்' செய்ய, அதாவது உபயோகத்துக்கு ஆகாதென்று கழித்துவிட, விதியில் இடமில்லை, எரியாத விளக்கோ மின்சாரம் தின்பதில்லை, எனவே அதை மாற்றுவதால் சிக்கனம் ஏற்பட ஏதுவில்லை. இந்தத் தர்க்கத்தை மறுக்கவல்ல நையாயிகர் காசியிலும் இருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

இனி, கட்டடம். 1768-இல் எழும்பிய சேப்பாக்கம் அரண்மனையையும் 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகையையும் நகரத்தார் இன்றும் அண்ணாந்து பார்ப்பதற்கு அழகு ஒரு காரணம். ஆனால் இத்தகைய கட்டடங்களுக்குள் சித்திரை மாதத்து நடுப்பகலில் நுழைந்தவர்களுக்கு வேறொரு காரணமும் தெரியும். பங்கா இழுக்கும் ஆளையே நம்பியிருந்த நாளில் தொழில் பயின்ற சிற்பிகள், கனத்த சுவரையும், உயர்ந்த விதானத்தையும், வெயில் நேரே உள்ளே பாயாதபடி தடுக்கும் வராந்தாவையும், சூடேறி மேலெழும் காற்று வெளியேறுவதற்கு விதானத்தை ஒட்டிய சாளரங்களையும் வைத்து, ஒரு காசு மின்கட்டணம் இல்லாமல் உஷ்ணத்தை ஒருவாறு சமாளித்தார்கள். எங்கள் காரியாலயமும் அந்த வம்சத்தைச் சேர்ந்த பழைய கட்டடமே. அதன் மேல்சாளரங்கள் ஒரு சமயம் பெயின்ட் அடித்தபோது சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்துவிட்டன. பிறகு விதானத்துக்குக் கீழே அட்டைக் கூரை ஒன்று தொங்கவிடப்பட்டதில் அவை கண்ணிலிருந்தும் மறைந்தன. கிழக்கு ஜன்னல்களில் பாதிக்கு எதிரே, எப்போதோ முடிந்துபோன கோப்புகளை வயிற்றில் சுமந்த இரும்பு பீரோக்கள் முதுகைக் காட்டி நிற்கின்றன. வெளிச்சத்தையும் காற்றையும் இவ்வாறு வெளியே நிறுத்திவிட்டு, அவ்விரண்டையும் மின்வாரியத்திடமிருந்து யூனிட் கணக்கில் விலைக்கு வாங்குவது எங்கள் சம்பிரதாயம்.

குளிர்சாதன யந்திரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் விண்ணப்பம் பூர்த்தியாகாது. ஏறத்தாழ 907 கிலோ எடையுள்ள பனிக்கட்டி இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவையும் அதே நேரத்தில் அறையிலிருந்து அகற்ற வல்லது ஒரு டன் யந்திரம். 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸில், அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியை இறக்கிவைத்து, துரைமார்களுடைய பானத்துக்கு அளந்து விற்றார்கள். எங்கள் மேலதிகாரியின் இரண்டு டன் யந்திரமோ, முழுமூச்சுடன் ஓடும் நாளில், எட்டு மணி நேர உத்தியோகத்துக்குள் 600 கிலோ பனிக்கட்டியின் குளிர்ச்சியை ஒரே மனிதருக்கு வழங்கிவிடுகிறது. அவர் முகாமுக்குப் போயிருக்கும் தினங்களில் அதே குளிர்ச்சியை அவருடைய நாற்காலி அனுபவிக்கிறது.

அறைக் குளிர்சாதனங்கள் ஏற்றியவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி தயாரிக்கப்படவேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2020 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. மூன்று நட்சத்திர முத்திரை பெற்ற எங்கள் யந்திரமும் அவ்விதமே பணிவோடு 24-இல் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் ஐயா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டபேதார் வந்து, கீழே இறக்கினால் சீக்கிரம் குளிரும் என்ற திட நம்பிக்கையுடன் அதைப் பதினெட்டில் வைத்துவிடுகிறார். வேகம் மாறாத அந்த ரகத்துக் கம்ப்ரெசர், இருபத்துநான்கை நாடினாலும் பதினெட்டை நாடினாலும் ஒரே கதியில்தான் ஓடும், பின்னதில் ஓய்வு கிடைக்காது என்பது ஒன்றே வித்தியாசம் என்று அவரிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை; ஐயாவின் சௌகரியத்துக்கு ஓர் எல்லை குறிப்பது அவருடைய காதில் அபசாரமாக விழும். பதினொரு மணி சுமாருக்கு ஐயா துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, மேலே சுழலும் விசிறியை நிறுத்தச் சொல்கிறார். அந்த விசிறி நின்றதை எங்கள் மாதாந்திரச் சிக்கன அறிக்கையில் நான் தவறாமல் காட்டிவருகிறேன்.

இவையெல்லாம் சில்லறை விவகாரங்கள். எங்கள் கட்டடத்துக்கு உயரழுத்த மின்இணைப்பு இருப்பதால், மின்வாரியத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தேவையில் 90 சதவீதம், அல்லது மாதத்தில் பதிவான உச்சத் தேவை, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கேட்புக் கட்டணம் செலுத்தவேண்டும். நான்கு பிரிவுகள் வேறு கட்டடத்துக்குக் குடிபெயர்ந்து வெகு காலமாகியும், ஒப்பந்தத்தைக் குறைக்கக் கோரும் மனுவை இருக்கும் பிரிவுகள் எழுதுவதா, போன பிரிவுகள் எழுதுவதா என்ற கேள்வி இன்னும் தீர்மானமாகவில்லை. அதனால், நாங்கள் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்து வேர்த்து விறுவிறுத்தாலும், போனவர்கள் பயன்படுத்தாத மின்சாரத்துக்கு மாதம் தவறாமல் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

இத்தனையும் தாங்கள் அறியாதன அல்ல. ஆகவே விண்ணப்பத்தின் முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இலாகாவைச் சேர்ந்த ஒரு கிளைக் காரியாலயத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் அம்மையார் ஒருவர், தங்கள் சுற்றறிக்கையை வெறும் சுற்றறிக்கை என்று கொள்ளாமல், உண்மையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். பீரோக்களை உட்சுவருக்கு நகர்த்தினார். ஒட்டிப்போன ஜன்னல்களைத் தச்சரைக் கொண்டு திறப்பித்தார். குளிர்சாதனத்தின் வடிகட்டியில் கம்பளிபோல் படிந்திருந்த தூசியை மாதம் ஒரு முறை கழுவ வைத்தார். யந்திரத்தை 26-இல் நிறுத்தி, மேலே ஒரு விசிறியைச் சுழலவிட்டார். விளக்கு வரிசைகளின் கம்பியை ஜன்னலுக்கு இணையாக மாற்றி இழுக்கச் செய்தார். ஒரு வருஷத்துக்குள் அந்தக் காரியாலயத்து மின்கட்டணம் கண்கூடாக இறங்கிவிட்டது.

அதன் பலன் மூன்று விதமாக வந்து சேர்ந்தது. முதலாவது, இவ்வளவு குறைவாகச் செலவழிக்க முடியுமென்றால் முந்தைய வருஷங்களில் அதிகமாகச் செலவழித்தது ஏன் என்று தணிக்கைப் பிரிவு விளக்கம் கேட்டது. இரண்டாவது, மிச்சப்பட்ட தொகை மார்ச் மாதத்தில் சரண்டர் செய்யப்பட்டு, அடுத்த வருஷத்து ஒதுக்கீடு அந்த அளவுக்கு வெட்டப்பட்டது. மூன்றாவது, 75 வாட் பழைய விசிறிகளை நீக்கி, 30 வாட்டில் அதே காற்றைத் தரும் பி.எல்.டி.சி. விசிறிகளை மிச்சப்பட்ட தொகையிலேயே வாங்கிக்கொள்ள அவர் அனுமதி கேட்டபோது, மின்கட்டணம் ஒரு கணக்குத் தலைப்பு, தளவாடக் கொள்முதல் வேறொரு கணக்குத் தலைப்பு என்று நினைவூட்டிக் கோப்பு திரும்பியது. பக்கத்துக் காரியாலயமோ ஒதுக்கீடு முழுவதையும் எரித்துத் தீர்த்து, கூடுதல் ஒதுக்கீடும் கோரி, 'சென்ற ஆண்டின் உண்மைச் செலவு' என்ற நியாயத்தின் பேரில் இந்த வருஷம் அதிகப் பணம் பெற்றிருக்கிறது. அதன் தலைவர் மிகுந்த நிர்வாகத் திறமையுள்ளவர் என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஸ்விட்சைத் தொடுகிற கை ஒன்று. கட்டணம் செலுத்துகிற கை வேறு. மிச்சப்பட்டதை எடுத்துக்கொண்டு போகிற கை மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றையொன்று சந்திப்பதற்கு நம் நிர்வாக அமைப்பில் எந்தச் சந்தர்ப்பமும் வைக்கப்படவில்லை. சிக்கனம் செய்தவருக்குத் தண்டனையும் செலவழித்தவருக்கு வெகுமதியும் கணக்குப் புத்தகமே வழங்கிவரும்போது, சுவரில் ஒட்டிய வாசகம் யாருடைய மனத்தை மாற்றும்? ஊழியர்களுக்குத் தேசபக்தி இல்லை என்று உபகுழு ஒன்று அபிப்பிராயப்பட்டதாகக் கேள்வி. அவர்களுக்குக் கூட்டல் கழித்தல் தெரியும் என்பதே உண்மையான காரணம் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகையால், ஒரு காரியாலயம் மிச்சப்படுத்தும் மின்கட்டணத்தில் பாதியையாவது சில வருஷங்களுக்கு அந்தக் காரியாலயத்திடமே விட்டுவைத்து, விசிறியோ விளக்கோ வாங்கிக்கொள்ளும் சுதந்திரத்தையும் அதற்கு அளித்து, எரிகிற பழங்குழலையும் கண்டம் செய்யலாம் என்று ஒரு வரி உத்தரவு பிறப்பித்து, ஒப்பந்த மின்தேவையைக் குறைக்கும் மனுவில் யாராவது ஒருவர் கையெழுத்திடும்படி ஆக்ஞாபிக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன். இவை யாவும் விதிகளுக்கு முரண் என்று குழு கருதுமானால், நடைமுறைக்கும் உபதேசத்துக்கும் உள்ள விரோதத்தையாவது நீக்கிவிடுவது உசிதம். வருகிற டிசம்பர் 14-ஆம் தேதி, தேசிய எரிசக்தி சேமிப்பு தினத்தன்று, அதிக மின்கட்டணம் கட்டிய காரியாலயத்துக்குச் சுழற்கேடயமும், அந்த அம்மையாருக்கு எச்சரிக்கைக் கடிதமும் ஒரே மேடையில் வழங்கிவிடலாம். இப்போது பன்னிரண்டு மாதம் தவணை தவணையாக நடப்பது, அப்போது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதுவும் ஒரு சிக்கனமே.

இங்ஙனம்,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
கண்காணிப்பாளன்

நகல்: கணக்குப் பிரிவுக்கு, இவ்விண்ணப்பத்தைத் தாளின் இரு பக்கமும் எழுதியதால் மிச்சமான காகிதத்தை அடுத்த வருஷத்து எழுதுபொருள் ஒதுக்கீட்டில் கழித்துக்கொள்ளும் பொருட்டு.