கை கழுவிவிட்டுத் தொடு

எங்கள் பெரியம்மை லேஸ் பின்ன உட்காரும் முன் கிணற்றடிக்குப் போய் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவுவார். பிறகு திண்ணையில் வந்து உட்கார்ந்து, மடியில் ஒரு வெள்ளை வேட்டித் துண்டை விரித்து, நூல் உருண்டையை ஒரு கிண்ணத்துக்குள் போட்டு வைப்பார், அது உருண்டு தரையில் புரளாதபடி. அப்புறம்தான் ஊசி வெளியே வரும். இரும்பு ஊசி, ஈர்க்குச்சி கனம்கூட இருக்காது, நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கொக்கி. 1976-ல் எனக்குப் பத்து வயது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தத் திண்ணையில்தான் இருப்பேன்.

"கைய கழுவிட்டுத் தொடு மக்களே."

ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்லியிருப்பார். கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை லேஸ் எடுக்க வருகிறவர் துண்டை வெயிலில் விரித்துப் பிடித்துப் பார்ப்பார். ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும் கூலியில் பிடித்துக்கொள்வார். கறை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார், மூன்று வாரத்து வேலை அப்படியே போய்விடும்.

அப்படி ஒரு துண்டு போனதற்குக் காரணம் நான்தான். மதியம் மீன் புளிமுளம் ஊற்றிச் சோறு தின்றவள், கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, பாதி முடிந்த மேசைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் அப்பிக்கொண்டது. பெரியம்மை எலுமிச்சம்பழம் தேய்த்தார், செம்பருத்திச் செடிமேல் வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டார். போகவில்லை. என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை வையவும் இல்லை. மறுநாள் புது நூல் எடுத்து முதல் சங்கிலியிலிருந்து தொடங்கினார். நாங்கள் லேஸ் பின்னுகிற குடும்பம். ஆனாலும் எங்கள் வீட்டுக்குள் தங்கிய ஒரே லேஸ் அந்தக் கறைபட்ட துண்டுதான்.

வீட்டில் மேசைவிரிப்பு கிடையாது. தலையணை உறைக்கு ஓரம் கிடையாது. பெரியம்மையின் ரவிக்கைக் கைகளில் ஒரு விரல்கடை லேஸ்கூட இருந்ததில்லை. ஒருமுறை கேட்டேன். "நமக்கெதுக்கு மக்களே லேஸு?" என்றார். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோலக் கொஞ்ச நேரம் பேசாமல் பின்னினார்.

பல வருஷம் கழித்து எங்கள் ஊரின் கதையைப் படித்தபோது அந்தப் பதிலுக்கு எவ்வளவு வயது என்று புரிந்தது. நாகர்கோவிலுக்கு லேஸைக் கொண்டுவந்தவர் மார்த்தா மால்ட். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி. 1819-ல் வந்தவர்கள், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பெண்பிள்ளைகளுக்கான பள்ளியில் லேஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அது பெரியம்மை கொக்கி ஊசியால் பின்னிய குரோஷா அல்ல. தலையணைமேல் குண்டூசி குத்தி, சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அவர்கள் மகள் எலைசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு அதைக் கொண்டுபோனார். லேஸ் விற்ற காசில் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. அந்தக் கைத்தொழிலை நான் சாதாரணமாக நினைப்பதில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில், அதே தென்திருவிதாங்கூரில், அந்தப் பெண்கள் தங்கள் தோளில் ஒரு துணி போடுவதற்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று நாம் சொல்வது அதைத்தான். சந்தையில் அவர்களின் குப்பாயம் என்னும் மேற்சட்டை கிழிக்கப்பட்டது, வீடும் தேவாலயமும் எரிந்தன. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விளம்பரம் வெளியிட்டு மேலாடைக்கு அனுமதி தந்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்கள் அணிவதுபோல அணியக்கூடாது என்று ஒரு கொக்கி இருந்தது. சீமைப் பெண்களின் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் எங்கள் ஊர்க் கைகள் லேஸ் பின்னிய காலத்தில், அந்தக் கைகளுக்குச் சொந்தமான தோள்களில் சீலை போட உரிமை இருக்கவில்லை. பெரியம்மைக்கு இந்த ஆண்டுகள் எதுவும் தெரியாது. "நமக்கெதுக்கு" என்ற சொல் மட்டும் அவர் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

இப்போது சென்னையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மே மாதம் வெளியே 40 டிகிரி. உள்ளே என் நாற்காலிக்கு நேர் மேலே குளிர்காற்று கொட்டுகிற துவாரம். வீட்டு ஏசியைப் போட்டதும் அது 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி வந்துவிட்டது. ஆனால் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே இயந்திரம் என்றால் அது நம் பேச்சைக் கேட்பதில்லை. பதினொரு மணிக்குப் பிடரி விறைக்கும். கம்பளி ஸ்வெட்டர் போட்டால் அரை மணியில் வியர்க்கும். சால்வை கணினி முன்னால் நழுவும். தோளையும் கையையும் மூட வேண்டும், புடவைமேலும் சுடிதார்மேலும் பொருந்த வேண்டும், சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் கழற்றிப் பைக்குள் மடித்து வைத்தால் ஒரு கையளவுதான் இருக்க வேண்டும். இந்தக் கணக்குக்கெல்லாம் விடை லேஸ் கார்டிகன்தான். அதன் ஓட்டைகளுக்கும் உடுத்த துணிக்கும் நடுவே கொஞ்சம் காற்று அசையாமல் நிற்கும். அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. வெளியே வந்தால் அதே ஓட்டை வழியாக வெக்கை போய்விடும்.

ஐம்பது வயதுக்கு மேல் மறுபடி குரோஷா ஊசியை எடுத்தேன். விரல்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. சுண்டுவிரலில் நூலை ஒரு சுற்று, ஆள்காட்டி விரல்மேல் ஒரு ஓட்டம், அப்படியே வந்தது.

ஆனால் பழைய வேலையும் புது வேலையும் ஒன்றல்ல. பெரியம்மை மெல்லிய நூலுக்கு அதைவிட மெல்லிய ஊசி எடுப்பார், பின்னலை இறுக்கிப் பிடிப்பார். முடிந்ததும் கஞ்சியில் முக்கி, குண்டூசி குத்தி, அட்டைபோல விறைப்பாகக் காயவைப்பார். மேசையில் கிடக்கும் லேஸ் விறைப்பாக நிற்க வேண்டும். உடம்பில் கிடக்கும் லேஸ் தளர்ந்து விழ வேண்டும். அதனால் மெல்லிய பருத்தி நூலுக்கு 3.5 மில்லிமீட்டர் ஊசி, அந்த நூலுக்குப் பெரிதுதான். கண்ணிகள் திறந்து கிடக்கும், துணி தண்ணீர்போல வழியும். கையைத் தளர்த்துவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இறுக்கிப் பின்னியே பழகிய கை.

முதல் முயற்சி முழுக்கப் பாழானது. கழுத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்குகிற, தையலே இல்லாத ஒரு மாதிரி. அமெரிக்காவில் எழுதியது. 'டபுள் குரோஷா' போடு என்று வரிக்கு வரி இருந்தது. பெரியம்மை கற்றுத்தந்த டபுள் குரோஷாவையே போட்டேன். 14 வரிசை முடித்து அளந்தால், கழுத்தெலும்பைத் தாண்டி மூன்று அங்குலம்கூட இறங்கவில்லை. ஓட்டையே இல்லை. சாக்குத் துணிபோல இருந்தது. இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் விளங்கியது. ஆங்கிலேயர் டபுள் குரோஷா என்று சொல்லும் குட்டைக் கண்ணியை அமெரிக்கர் சிங்கிள் என்கிறார்கள். அமெரிக்கரின் டபுள், ஆங்கிலேயருக்கு ட்ரெபிள். இரண்டு மடங்கு உயரம். பெரியம்மை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அவர் வாயில் இருந்தது ஆங்கிலேயர் வைத்த பெயர். ஓர் ஊசியும் ஒரு நூலும் எங்கள் கிராமத்துக்கு எந்தக் கப்பலில் வந்தன என்பது ஒரு கண்ணியின் பெயரில் இத்தனை காலம் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்தேன். அன்றிலிருந்து உயரக் கண்ணியை 'தூண்' என்றுதான் எழுதிக்கொள்கிறேன்.

பின்ன நினைக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். மாதிரித் துண்டு பின்னாமல் தொடங்காதீர்கள். எனக்கு 4 அங்குலத்துக்கு 20 தூண், 10 வரிசை வந்தது. பின்னி அளந்தால் மட்டும் போதாது. நனைத்து, காயவைத்து, கீழ் ஓரத்தில் துணி கிளிப்புகளை மாட்டி ஒரு ராத்திரி தொங்கவிட வேண்டும். பருத்தி தன் கனத்திலேயே இழுபடும், கம்பளி மாதிரி திரும்பிச் சுருங்காது. என் 4 அங்குலம் காலையில் நாலரை ஆகியிருந்தது. அப்படியானால் உடல் பகுதியை 20 அங்குலத்தில் நிறுத்த வேண்டும், மீதி இரண்டரை அங்குலத்தை அது தானே எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் இடுப்பளவுக்குப் பின்னி, அதைத் தாண்டித் தொங்குகிற கார்டிகனோடு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உடலுக்கு ஒரே குழியில் இரண்டு தூண், நடுவே ஒரு சங்கிலி. அவ்வளவுதான். எழுத்தைப் பார்க்கவே வேண்டாம். இதில்தான் சுகம் இருக்கிறது, மெட்ரோ ரயிலிலும் பின்னலாம். அக்குளில் மட்டும் கவனம் வேண்டும்: அங்கே நாலைந்து சங்கிலி கூடுதலாகப் போட்டு, கையை விட்டுவிட்டு உடலை மட்டும் தொடர வேண்டும். அந்தச் சங்கிலி குறைந்தால் கையைத் தூக்கும்போதெல்லாம் முழு உடையும் மேலே ஏறும். பொத்தான் வைக்கவில்லை. கீழ் ஓரத்துக்கும் மணிக்கட்டுக்கும் ஒரு சாண் அகலத்துக்கு அன்னாசிப் பின்னல் வைத்தேன். அந்தக் கறைபட்ட துண்டை அம்மா இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். அம்மாவுக்குப் பிறகு என்னிடம் வந்தது. அதிலிருந்த அன்னாசிகளைப் பூதக்கண்ணாடி வைத்துக் கண்ணி கண்ணியாக எண்ணி எழுதித்தான் இதைப் பின்னினேன். எண்ணும்போது தெரிந்தது: ஒவ்வோர் அன்னாசியின் உச்சியிலும் பெரியம்மை ஒரு தூணைக் குறைத்து நுனியைக் கூர்மையாக்கியிருக்கிறார். எந்தப் புத்தகத்து மாதிரியிலும் நான் அதைப் பார்த்ததில்லை. அவர் பின்னிய விரிப்புகளை வாங்கியவர்களுக்கு அது கண்ணில் பட்டிருக்கவே முடியாது.

முடிக்க 64 மணி நேரம் ஆனது. குறித்து வைத்தேன். குறித்து வைக்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு கடை. அங்கே குரோஷா சட்டை ஒன்று எழுநூறு ரூபாய்க்குத் தொங்கியது. பின்னல் இயந்திரங்கள் குரோஷாபோலத் தோன்றுகிற வலைத்துணியை மீட்டர் மீட்டராகத் தள்ளும். அதை அடையாளம் காண எனக்குத் தெரியும். அந்தச் சட்டை அதுவல்ல, கொக்கி ஊசிப் பின்னல்தான். ஆலைகளில் கொக்கி ஊசிப் பின்னலைச் செய்ய இயந்திரம் இல்லை. அப்படியென்றால் எங்கோ ஒரு பெண் உட்கார்ந்து இதைக் கையால் பின்னியிருக்கிறாள். கடைக்காரர், தரகர், வண்டி எல்லாம் போக அவளுக்கு எழுநூறில் எவ்வளவு போயிருக்கும்? கோதாவரிக் கழிமுகத்தில் இருக்கும் நரசாபூர் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதிய புத்தகம் 1982-ல் வந்தது. உலகச் சந்தைக்குக் குரோஷா பின்னிய அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று எண்ணவில்லை. வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுகிற குடும்பப் பெண்கள் என்றே எண்ணினார்கள். பூவை ஒருத்தி பின்னுவாள், இணைப்பதை இன்னொருத்தி செய்வாள். எங்கள் திண்ணையிலும் இதே பேச்சுத்தான். "சும்மா இருக்கிற நேரத்துல ரெண்டு காசு." காலையில் நாலரைக்கு எழுந்து, மாட்டையும் அடுப்பையும் ஐந்து பிள்ளைகளையும் பார்த்த பெரியம்மைக்குச் சும்மா இருக்கிற நேரம் எங்கே இருந்தது? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். என் கார்டிகனைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். பக்கத்து இருக்கைப் பெண் தொட்டுப் பார்த்து, "எங்க வாங்கினீங்க மேடம்?" என்றாள். நான் பெரியம்மையின் பெயரைச் சொன்னேன். அவள் அதை ஏதோ கடையின் பெயர் என்று எண்ணிப் போனில் தேடினாள்.

அன்றைக்கே இரண்டாவதற்கு நூல் வாங்கினேன். வெள்ளை.

பெரியம்மைக்கு இப்போது 81 வயது. மகன் வீட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்காக ஏசி போட்ட அறையில்தான் அவர் கட்டிலும். டிசம்பரில் போனபோது தோளில் ஒரு துவர்த்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இரி மக்களே, கைய கழுவிட்டு வாறேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கழுவி, முந்தானையில் துடைத்து, மறுபடி வந்து உட்கார்ந்தார். முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், நூல்முனைகளை எப்படி ஒளித்திருக்கிறேன் என்று. பிறகு அன்னாசியின் உச்சியில் பெருவிரல் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் தடவினார்.

"ஆருக்கு இது?"

"உங்களுக்குத்தான் பெரியம்மை."

"விக்கதுக்கில்லையா?"

"இல்லை."

ஒரு கையை நான் நுழைத்துவிட்டேன், மறு கையை அவரே நுழைத்துக்கொண்டார். துவர்த்து நாற்காலியில் கிடந்தது. சாப்பிடக் கூப்பிட்டார்கள். கழற்றி வைத்துவிட்டு வாங்க என்றாள் மருமகள். அவர் காதில் வாங்கவில்லை. வாழையிலையில் சோறு, சாளைமீன் புளிமுளம். பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது மணிக்கட்டின் லேஸ் குழம்பில் தோய்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது; தண்ணீர் எடுக்க எழுந்தேன். பெரியம்மை கையைத் திருப்பி அந்த மஞ்சளைப் பார்த்தார். இடது கையால் என்னை உட்காரச் சொல்லிக் காட்டிவிட்டு, அடுத்த உருண்டையை உருட்டினார்.