விசாகா மேடம் எந்த ஊரு?

எங்கள் ஆபீசில் விசாகா கமிட்டி போட்டுவிட்டார்கள். சுற்றறிக்கை வந்த அன்றே ஹெச்.ஆர். அதிகாரியிடம் கேட்டேன்: "விசாகா யாரு சார்?" "யாரோ டெல்லி மேடம். கேஸ் போட்டவங்க."

டெல்லியும் இல்லை, மேடமும் இல்லை. இதன் தொடக்கம் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்து பன்வாரி தேவி. அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அந்த வேலைக்கு 1992-ல் ஊர் கொடுத்த கூலி கூட்டுப் பாலியல் வன்கொடுமை. 1995-ல் ஜெய்ப்பூர் கோர்ட் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரையும் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. விசாகா என்பது இதற்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போன அமைப்பின் பெயர். 1997-ல் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான நெறிமுறைகள் வந்தன. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்கு 2013 ஆகிவிட்டது. பதினாறு வருஷம்தானே, அவசரப்பட்டால் ஆம்பளைகள் மனசு புண்படாதா?

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இல்லாவிட்டால் அபராதம் 50,000 ரூபாய் வரை. ஆண்டு விழாவில் எம்.டி.க்குப் பூத்தூவிய செலவு அதைவிட அதிகம். தலைவராக மூத்த பெண் ஊழியர் வேண்டும்; இருக்கிறார். அவருடைய இன்கிரிமென்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் மேல்தான் முதல் புகார். வெளியிலிருந்து ஒரு தொண்டு நிறுவன உறுப்பினர் வேண்டும், நிறுவனம் எம்.டி.யின் மச்சினியுடையது.

விசாரணைக்குச் சட்டம் 90 நாள் தருகிறது. எங்கள் கமிட்டிக்கு அரை மணி நேரமே தாராளம். "அப்பா மாதிரி பேசியிருக்கார், நீதான்மா தப்பா எடுத்துக்கிட்டே." விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்த பெண் எழுதிக் கேட்டால் அவளையோ புகாருக்குள்ளானவனையோ இடம் மாற்றலாம் என்கிறது சட்டம். அவள் அவனை மாற்றச் சொன்னாள். அவளைத் தூக்கி ஒசூரில் போட்டார்கள். பாவம், பாதி வாக்கியம் வரைக்கும்தான் படிக்க வந்திருக்கிறது.

மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னால் "மாடு மேய்க்கப் போடா" என்று வாங்கிக்கட்டிக்கொண்டு கழிவறையில் அழுகிற பையனுக்கு இந்தச் சட்டம்கூடக் கிடையாது. அதற்கு எங்கள் ஆபீசில் பெயர் 'டார்கெட் பிரஷர்'.

ஆண்டறிக்கையில் 'நிலுவைப் புகார்கள்: பூஜ்யம்'. பாதுகாப்பான பணியிடம் என்ற அறிவிப்பையும் ஒழுங்காகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் சிரிக்கிற பெண் யாரென்று கிட்டே போய்ப் பார்த்தேன். அவள்தான். போன மகளிர் தினத்தில், கையில் ஆபீஸ் கொடுத்த ரோஜாவோடு எடுத்த படம்.